விசுவாசி வாக்களிக்கும்போது யாருடைய நலனை முன்வைப்பது?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தம் சபையில் ஒரு கட்சியின் பெயர் சொல்லாமல் சொல்லப்படுகிறது என்றும், வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களோ அரசியலே விசுவாசிக்கு ஆகாது என்கிறார்கள் என்றும், இந்த இரண்டுக்கும் நடுவில் கிறிஸ்தவ நம்பிக்கை தம் அரசியல் முடிவுகளை எப்படி வழிநடத்த வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் சபைக்குப் போகிற பலர் மனத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சின்னத்துக்கு நேரே பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை நம்பிக்கை ஒருவருக்குச் சொல்லித் தருவதில்லை. என்ன கேள்வியோடு அவர் வாக்குச்சாவடிக்குள் நுழைகிறார் என்பதை அது மாற்றுகிறது. "நம் சமூகத்துக்கு இதனால் என்ன கிடைக்கும்" என்பது எல்லாச் சமூகங்களும் கேட்கிற கேள்வி. அதைக் கேட்பதற்குக் கிறிஸ்துவின் சீஷராக இருக்கத் தேவையில்லை. "எனக்கு அடுத்திருப்பவர்களில் மிகவும் பலவீனமானவருக்கு இதனால் என்ன நேரும்" என்பது மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர் கேட்க வேண்டிய கேள்வி. சில தேர்தல்களில் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கும், சிலவற்றில் எதிரெதிரான விடைகள் கிடைக்கும். அப்படி எதிரெதிராக நிற்கும்போது ஒருவர் எதைத் தேர்ந்துகொள்கிறார் என்பதை வைத்துத்தான் அவருடைய விசுவாசம் அவருடைய அரசியலைத் தொட்டிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

அரசியல் விசுவாசிக்கு ஆகாது என்ற வாதத்தில் நான் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை, ஏனென்றால் வேதாகமத்தைத் திறந்தாலே அது நிற்பதில்லை. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பொய்சாட்சிகளைக் கொண்டு அபகரித்தபோது எலியா ஜெப அறையில் இருந்துவிடாமல், ராஜா நின்றிருந்த அந்தத் தோட்டத்துக்கே போய் அவனைக் கேள்வி கேட்டார். இன்றைய மொழியில் அது ஒரு நில அபகரிப்பு வழக்கு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எரேமியா எழுதிய நிருபம், தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தையே தேடும்படி அவர்களிடம் சொல்கிறது. பவுல் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சாட்டையடிக்குத் தப்பினார், பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். வாக்குரிமை இல்லாத காலத்தில் வாழ்ந்த அவர்களே தங்களுக்குக் கிடைத்த சட்ட வழிகளை இவ்வளவு பயன்படுத்தியிருக்க, வாக்குரிமை உள்ள நாம் வீட்டிலிருந்துவிட்டு அதைப் பரிசுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதன் பலனை வேறு யாராவது அனுபவிக்கத்தான் போகிறார்கள்.

இதற்கு மறுபக்கத்தில் இருக்கிற, பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மேலான அதிகாரமுள்ளவர்களுக்கு எந்த மனுஷனும் கீழ்ப்படிய வேண்டும் என்ற அந்த வசனத்தை ஆட்சியாளர்கள் எப்போதும் விரும்பியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அதை மேற்கோள் காட்டிவந்தது. 1985-இல் அந்நாட்டின் இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இதற்கு "அரசு இறையியல்" என்று பெயர் வைத்துக் கண்டித்ததோடு, அநீதியைத் தொடாமலே சமரசம் பேசுகிற "சபை இறையியல்" என்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்துச் சொன்னது. இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் நம்மை அதிகமாகத் தைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தியாவில் 1975 ஜூன் மாதம் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது சபைத் தலைவர்கள் பலர் வாய்திறக்கவில்லை. அந்த நேரத்தில் கேரளத்து மார்த்தோமா சபையின் பேராயர் யூஹானோன் மார்த்தோமா அதை எதிர்த்துப் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். அதே சபையைச் சேர்ந்த இறையியலாளர் எம்.எம். தாமஸ், சென்னையிலிருந்து வெளிவந்த 'கார்டியன்' என்ற கிறிஸ்தவ வார இதழில் அதை எதிர்த்து எழுதினார். நெருக்கடிநிலை கிறிஸ்தவர்களைக் குறிவைத்து வந்ததல்ல. அவர்கள் அமைதியாக இருந்திருந்தால் சபைக்கு எந்த நஷ்டமும் நேர்ந்திருக்காது. தங்களைத் தொடாத அநீதியை அவர்கள் தங்கள் விசுவாசத்தின் காரணமாக எதிர்த்தார்கள் என்பதே அந்தச் செயலின் மதிப்பு.

இனி, இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே இருக்கும் மிக நல்ல உதாரணத்துக்கு வருகிறேன். இந்தியாவின் வருங்கால ஆட்சிமுறையைப் பற்றிப் பேச 1930-ஆம் ஆண்டு இறுதியில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் சார்பில் அமர்ந்த இருவருமே தமிழர்கள். ஒருவர் சேலத்தில் 1876-இல் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.-வின் இந்தியப் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். மற்றவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கரும் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவருமான ஏ.டி. பன்னீர்செல்வம். கிறிஸ்தவர் மட்டுமே வாக்களித்துக் கிறிஸ்தவ உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமா என்ற கேள்வியில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். அப்படி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டால் கிறிஸ்தவர் தம் நாட்டு மக்களிடமிருந்து பிரிந்துபோவார்கள், அண்டை வீட்டாரின் வாக்கைக் கேட்கவேண்டிய தேவையே இல்லாத ஒரு சமூகம் அவர்களுக்காக உழைக்கவும் மறந்துவிடும் என்பது பாலின் நிலைப்பாட்டில் அடங்கியிருந்த கவலை. சிதறிக் கிடக்கும் ஒரு சிறுபான்மை பொதுத் தொகுதியில் தன் பிரதிநிதியை ஒருபோதும் அனுப்ப முடியாது என்பது பன்னீர்செல்வம் முன்வைத்த தரப்பின் கவலை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை நியாயமாகக் கண்ட நீதிக்கட்சியின் கொள்கையிலிருந்தும் அவர் அதைப் பெற்றிருந்தார்.

பால் 1931-இல் காலமானார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இன்னொரு கிறிஸ்தவப் பிரதிநிதியான எஸ்.கே. தத்தா அவருடைய நிலைப்பாட்டைத் தொடர்ந்தார். பன்னீர்செல்வமோ அம்பேத்கர், ஆகா கான் முதலானவர்களோடு சேர்ந்து, தனி வாக்காளர் தொகுதிகளைக் கேட்ட சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பும் அதன் வழியில் வந்த 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைத் தந்தன. இருவரில் யாருடைய விசுவாசம் பெரியது என்று கேட்பது பொருத்தமற்றது. ஒரே வேதத்தை வாசித்த இரண்டு நேர்மையான மனிதர்கள், தங்கள் மக்களுக்கு எது பாதுகாப்பு என்பதில் வெவ்வேறு கணிப்புக்கு வந்தார்கள். நம்பிக்கை நம் அரசியலை வடிவமைக்கும் என்றால் எல்லா விசுவாசிகளும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வரலாற்றை முதலில் படிக்க வேண்டும்.

இந்திய அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் காட்சி மாறுகிறது. அதன் துணைத் தலைவராகவும் சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவராகவும் இருந்த எச்.சி. முகர்ஜி வங்காளத்துக் கிறிஸ்தவர். சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதில் உறுப்பினர். 1947 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி முறை கைவிடப்பட்டது. அப்போது எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் தொகுதிகளில் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. 1949 மே மாதத்தில் மத அடிப்படையிலான அந்த ஒதுக்கீட்டையும் விட்டுவிடலாம் என்ற முடிவு வந்தது, அதை முன்னின்று கொண்டுவந்தவர் முகர்ஜி. பிரிவினையின் இரத்தம் காயாத ஒரு நாட்டில், சட்டமன்றங்களில் உறுதியாகக் கிடைக்கவிருந்த இடங்களை ஒரு சிறுபான்மை தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தது. உலகத்தின் கணக்கில் இது புத்திசாலித்தனமான பேரம் அல்ல. பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை நம்புவதும், பொது வாழ்வில் எல்லாரோடும் எல்லாருக்காகவும் நிற்பதும் தங்கள் சாட்சியின் ஒரு பகுதி என்று அந்தத் தலைவர்கள் கருதினார்கள்.

ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை, அதையும் கவனிக்க வேண்டும். மதத்தைப் பின்பற்றும் உரிமையோடு அதைப் பரப்பும் உரிமையும் அடிப்படை உரிமையாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். 1948 டிசம்பரில் அந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது கிறிஸ்தவர் அல்லாத உறுப்பினர்களே அதற்காகப் பேசினார்கள். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்தச் சபையில் எடுத்துச் சொன்னார். அந்த உரிமை எல்லா மதத்தாருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும் உரிய மனச்சாட்சிச் சுதந்திரத்தோடு சேர்த்தே அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் எழுதப்பட்டது. சபைக்கென்று ஒதுக்கப்பட்ட இடங்களை விட்டுவிட்டு, எல்லாருக்கும் பொதுவான சுதந்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நாம் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல கதையாக இருக்கும், உண்மையின் பாதிதான் சொன்னதாகும். 1936-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகள் பற்றிய ஆணையை வெளியிட்டபோது, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அதில் எழுதியது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்த காலத்தில் அந்த விலக்குக்கு ஒரு நிர்வாகக் காரணமாவது சொல்ல முடிந்தது. 1949-இல் கிறிஸ்தவர்களுக்கான இடங்கள் போய்விட்டன. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு நிலைத்தது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையோ, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்று சொன்னது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். சேரியில் பிறந்து, சேரியிலேயே வாழ்ந்து, அதே வயலில் அதே கூலிக்கு உழைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்குப் போகிற தலித் கிறிஸ்தவருக்கு இரண்டு பக்கத்திலும் இடம் இல்லாமல் போயிற்று.

இடங்களை விட்டுக்கொடுத்தவர்களிடம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ஆங்கிலக் கல்வியும் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் ஒதுக்கீடு இல்லாமலே முன்னேற முடிந்தது. அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தியாகத்தின் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் சபையில் எண்ணிக்கையில் மிகுந்தும் குரலில் குறைந்தும் இருந்தவர்கள். சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், தம்மோடு அதே தொழில் செய்தவர்களுக்கு அரசு கொடுத்த சிறு கடைப்பெட்டி தமக்குக் கிறிஸ்தவர் என்பதற்காக மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி 1985-இல் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆதாரம் வேண்டுமானால் நம் கோயில்களிலேயே இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டப்பட்ட கோயிலின் நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை 2008-இல் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆகையால் "கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று எதையும் கேட்கக் கூடாது, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதே சிலுவையின் வழி" என்று யாராவது பிரசங்கித்தால், அதைச் சொல்பவர் யார், விட்டுக்கொடுக்கப் போகிறவர் யார் என்று பார்க்கச் சொல்வேன். தன் கையில் இருப்பதை ஒருவர் விடலாம், அடுத்தவர் கையில் வராத ஒன்றை அவர் சார்பில் விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்ற கோரிக்கையை மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது, தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கையை மனத்தில் வைத்து வாக்களிக்கிற ஒரு பிற சாதிக் கிறிஸ்தவர் தமக்கு எந்த லாபமும் இல்லாத ஒன்றுக்காக வாக்களிக்கிறார். மேலே சொன்ன இரண்டாவது கேள்வியைக் கேட்பது என்றால் நடைமுறையில் இதுதான். (2007-இல் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்ட 3.5 சதவீத உள்ஒதுக்கீடு, அதனால் இருக்கிற வாய்ப்பும் குறைகிறது என்று கிறிஸ்தவர்களே கேட்டுக்கொண்டதால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. மத அடையாளத்தின் பேரில் வருகிற சலுகை எப்போதும் எளியவருக்குப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம்.)

சபை தன் நலனையும் விசுவாசத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1959-ஆம் ஆண்டுக் கேரளத்தைப் பார்க்கலாம். 1957-இல் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கவும், நியமனங்களை ஒழுங்குபடுத்தவும் வழிசெய்தது. அதைத் தயாரித்த கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தனியார் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, அந்த நிர்வாகங்களின் நடைமுறையை உள்ளிருந்து அறிந்தவர். மசோதாவின் சில பிரிவுகள் சிறுபான்மையினரின் கல்வி உரிமைக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றமே 1958-இல் கருத்துச் சொன்னது. ஆகவே சபையின் அச்சம் முழுவதும் கற்பனை அல்ல. ஆனால் அதற்குப் பின் அந்த அரசுக்கு எதிராக எழுந்த விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்), பள்ளி உரிமையோடு நிற்கவில்லை. நிலச் சீர்திருத்தத்தை அஞ்சியவர்களும் நாயர் சேவைச் சங்கமும் கத்தோலிக்கத் தலைமையும் ஒரே அணியாக நின்றார்கள், அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் 7 பேர் உயிரிழந்தார்கள், 1959 ஜூலை 31-ஆம் தேதி தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டது. மாதச் சம்பளத்தைப் பயமில்லாமல் வாங்க நினைத்த ஆசிரியரும், குடியிருக்கும் மண்ணிலிருந்து வெளியேற்றப்படாமல் வாழ நினைத்த குடிகிடப்புக்காரரும் அதே சபையின் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பக்கத்தை அந்தப் போராட்டத்தில் சபை எடுக்கவில்லை என்பது என் தீர்ப்பு. கேரள நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது, சபையில் கட்சியின் பெயரைச் சொல்லாமல் சொல்வது பற்றி. இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, மதத்தின் பேரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்லாமல் வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது தகாத வற்புறுத்தல். வேட்பாளரும் அவருடைய முகவரும் அவர்களின் சம்மதத்தோடு பேசுகிறவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். சட்டம் எட்டாத இடத்திலும் நம் விசுவாசமே இதைத் தடுக்கிறது என்பேன். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற கட்டளை, ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கைக்கு அவருடைய கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. போதகரோ பங்குத்தந்தையோ ஏழைகளின் கூலியைப் பற்றி, பெண்களின் பாதுகாப்பைப் பற்றி, சாதிக் கொலைகளைப் பற்றி, பொய்யையும் வெறுப்பையும் பற்றி ஆண்டு முழுவதும் பேசட்டும். அதைக் கேட்டவர்கள் தேர்தல் நாளில் தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் இவற்றைப் பற்றி வாய்திறக்காமல், தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றறிக்கை வாசிக்கிற சபை மந்தையை மேய்க்கவில்லை, எண்ணிக் காட்டுகிறது.

நம் சமூகத்தின் மேல் நேரடியாக அடி விழும்போது என்ன செய்வது என்று கேட்கலாம். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசின் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. 2004-இல் ஆளுங்கட்சியின் மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துக் கிறிஸ்தவர்கள் வாக்களித்ததில் எந்தத் தவறும் இல்லை. மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் காப்பது எல்லாருக்கும் நன்மை. அதே அரசுதான் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. அந்தத் தேர்தலில் வாக்களித்த ஒரு விசுவாசி தம்மைத்தாமே சோதித்துப் பார்க்க விரும்பினால், மதமாற்றச் சட்டம் தம்மைக் கோபப்படுத்திய அளவில் பாதியாவது, வேலை இழந்த அந்தக் குடும்பங்களின் நிலை தம்மைக் கலங்கச் செய்ததா என்று கேட்டுக்கொள்ளலாம். நம் ஆலயத்தின் மேல் கல் விழுந்தால் ஊர்வலம் போவதும், பக்கத்துத் தெருப் பள்ளிவாசலின் மேல் விழுந்தால் ஜெபக்குறிப்போடு நிறுத்திக்கொள்வதும் ஒரே நீதியாகாது.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை நிறுத்தியது. அந்தத் தொகுதிகளிலெல்லாம் ஆலயங்களும் ஜெபவீடுகளும் இருக்கின்றன. பரிதானம் (லஞ்சம்) பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று யாத்திராகமம் சொல்லியிருக்க, "எல்லாரும் வாங்குகிறார்கள், வாங்கிக்கொண்டு மனச்சாட்சிப்படி போட்டால் போதும்" என்ற நியாயம் சபைக்குள்ளும் சகஜமாகிவிட்டது. கூலிவேலை இழந்து அந்த ஐந்நூறு ரூபாயை வாங்குகிற ஏழையை நான் கடுமையாக நியாயந்தீர்க்கமாட்டேன். மாதச் சம்பளம் வாங்கி, தசமபாகமும் கொடுத்து, அந்தக் கவரையும் வாங்கி வைத்துக்கொள்கிற விசுவாசி விஷயத்தில் அந்த இரக்கத்துக்கு இடமில்லை. வாங்குபவரும் கொடுப்பவரும் சட்டத்தின் முன்னால் குற்றவாளிகள் என்பதோடு, பணம் கொடுத்த வேட்பாளரை அடுத்த ஐந்து ஆண்டுகள் கேள்வி கேட்கும் வாயையும் வாங்கியவர் விற்றுவிடுகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு இருக்கும் வேட்பாளர்களில் எல்லா வகையிலும் நல்லவர் என்று ஒருவர் கிடைக்கமாட்டார். ஏழைக்கான திட்டத்தைச் சரியாகச் செய்யும் கட்சி ஊழலில் மோசமாக இருக்கலாம். கைசுத்தமான வேட்பாளர் வெறுப்பைப் பேசும் கூட்டணியில் நிற்கலாம். மதுவிலக்கை முதன்மையாக வைப்பதா, கல்வியை வைப்பதா என்பதில் ஒரே வீட்டில் தகப்பனும் மகளும் மாறுபடலாம். இங்கே நம்பிக்கை கணக்கைப் போட்டுத் தருவதில்லை. கணக்கில் யாரை விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் நினைப்பூட்டுகிறது. ஒரு கட்சியைப் பார்த்து முடிவெடுக்கும்போது அது நமக்கு என்ன செய்தது என்பதைவிட, தனக்கு வாக்களிக்காதவர்களையும் வாக்கு வலிமையே இல்லாதவர்களையும் அது எப்படி நடத்தியது என்று நான் பார்ப்பேன். இலங்கை அகதிகள் முகாம்களில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கும் வடமாநிலத்திலிருந்து வந்து கட்டடவேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கும் இங்கே வாக்கு இல்லை. அவர்களைப் பற்றி ஒரு வேட்பாளர் என்ன சொல்கிறார் என்பதில் அவருடைய மனம் வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் அதனால் அவருக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை.

கேட்டவர் தம் சபையில் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தால், ஒரு யோசனை சொல்வேன். ஆராதனை நேரத்தில் வேட்பாளரை மேடையேற்றி மாலை போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஊரில் ஒரு பொது மண்டபத்தில் எல்லா வேட்பாளர்களையும் அழைத்து, இந்துக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற அண்டை வீட்டாரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். சபைக் கட்டடத்துக்கு அனுமதி, கல்லறைக்கு நிலம் என்று தொடங்க வேண்டாம். அவற்றைக் கேட்க வேறு நாட்கள் இருக்கின்றன. மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது, அதில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இந்தத் தொகுதியில் அப்படி இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய வீட்டுக்கு அந்தப் பணம் வந்ததா, இறக்கியவர் மேல் வழக்குப் பதிவானதா, இனி இறங்காமலிருக்க நகராட்சியில் இயந்திரம் இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொண்டு, வென்றவரிடம் ஆறு மாதம் கழித்து மறுபடியும் போங்கள்.